போகிக்கு முன்னால் பெட்டியைத் திறந்து பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் கடிதப் பகுதியில் இரண்டு வாசகர்கள் மோதிக்கொண்டதைப் படித்தேன். ஜனவரி 1 வெள்ளைக்காரன் புத்தாண்டு, நமக்கு அதில் என்ன வேலை என்று ஒருவர். சித்திரையா தையா என்று முதலில் முடிவு செய்வோம், வெள்ளைக்காரனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இன்னொருவர். இருவருமே நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள். ஆனால் நான் கணக்கு எழுதிப் பிழைத்தவன். வருஷம் எப்போது பிறக்கிறது என்பதில் எனக்கு அவ்வளவு அக்கறை கிடையாது. முடியும்போது பெட்டியில் என்ன மிச்சம் என்று கேட்டுத்தான் பழக்கம். அது சம்பந்தமாக ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது. கொஞ்சம் நீளும். இடம் போதவில்லை என்றால் நடுவில் வெட்டுங்கள், கடைசியில் மட்டும் வெட்ட வேண்டாம்.

நான் பள்ளத்தூர்க்காரன், வயது 74. ஓர் அரிசி ஆலையில் 41 வருஷம் பேரேடு எழுதினேன். அங்கே வருஷம் என்பது மார்ச் 31-ஆம் தேதி ராத்திரி முடியும். இந்த ஏப்ரல் மார்ச் வழக்கத்தை வெள்ளைக்கார சர்க்கார் 1867-இல் கொண்டுவந்தது. அவர்கள் போன பிறகும் நாம் அதை மாற்றவில்லை. 2008-இல் சட்டம் போட்டுத் தமிழ்ப் புத்தாண்டைத் தைக்குக் கொண்டு போனார்கள், 2011-இல் இன்னொரு சட்டம் போட்டுச் சித்திரைக்கே திருப்பினார்கள். இந்தப் பக்கம் தையோ சித்திரையோ, ஐந்தொகையில் ஆறு ரூபாய் இடிக்கிறது என்று நான் விடிய விடிய உட்கார்ந்திருந்தது மார்ச் 31-இல்தான். ஜனவரி 1 நமக்கு எதற்கு என்கிற அன்பர் அன்று காலை பிள்ளையார்பட்டிக்கு ஒரு நடை வந்து வரிசையைப் பார்க்கட்டும். கற்பக விநாயகர் இதுவரை யாரையும் எந்தப் புத்தாண்டுக்கு வந்தாய் என்று கேட்டதாகத் தெரியவில்லை. அந்தச் சண்டையில் நான் சொல்ல நினைத்தது இவ்வளவுதான்.

எங்கள் பக்கத்தில் வருஷம் கழிகிறது என்று எனக்கு உறைப்பது பிள்ளையார் நோன்பின்போதுதான். அது நகரத்தார் என்கிற நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் நோன்பு. நான் நகரத்தார் இல்லை. என் அப்பா ஒரு செட்டியார் வீட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். அதனால் அந்த வீட்டு நோன்பைச் சின்ன வயதிலிருந்து வளவு என்கிற உள்முற்றத்தின் ஓரத்தில் நின்று பார்த்திருக்கிறேன். தெரியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். திருக்கார்த்திகையிலிருந்து நாளுக்கு ஒன்றாகக் கோடி வேட்டியிலிருந்து இழை எடுத்து வைப்பார்கள். மொத்தம் 21 இழை. மார்கழியில் சஷ்டியும் சதயமும் கூடுகிற நாளில் அந்த 21 இழையையும் சேர்த்துத் திரியாக்குவார்கள். பச்சரிசி மாவில் வெல்லமும் நெய்யும் சேர்த்துப் பிசைந்து, பிள்ளையார் மாதிரி பிடித்து, அதில் திரியை வைத்து ஏற்றுவார்கள். வீட்டில் மூத்தவர் கையால் அதை வாங்கி, எரிகிற சுடரோடு அப்படியே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். இழை எடுத்துக்கொள்வது என்று இதற்குப் பெயர். முதல் தடவை பார்க்கிற எந்தப் பிள்ளையும் பயப்படும். நானும் பயந்தேன். வாய் மூடியதும் தீ அணைந்துவிடும் என்று அப்பா சொன்னார். அவரும் எடுத்துக்கொண்டதில்லை.

பிறந்த பிள்ளைக்கும் ஓர் இழை உண்டு. கர்ப்பிணிப் பெண்கள் வயிற்றில் இருக்கிற பிள்ளைக்காகக் கூடுதலாக ஓர் இழை எடுத்துக்கொள்வார்கள். இது எனக்கு மிகவும் பிடித்த கணக்கு. இன்னும் வரவு வராத ஆளுக்குப் பேரேட்டில் பெயர் எழுதி வைப்பது போல. எனக்கு இழை கிடையாது என்றாலும், ஆவாரம்பூ செருகிய வாசலைத் தாண்டித் தூக்குவாளி ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். நெல்பொரி, அவல்பொரி, கம்புப்பொரி, சோளப்பொரி, எள்ளுப்பொரி என்று ஐந்து பொரியும், மேலே கருப்பட்டிப் பணியாரமும் இருக்கும். அந்த வீட்டு ஆச்சி, "பணியாரத்தை எண்ணிக்கோ, அப்புறம் குறையுதுன்னு சொல்லாதே" என்பார். கணக்குப்பிள்ளை மகன் என்பதால் எனக்கு மட்டும் இந்தக் கேலி.

இந்த இழைக்கு ஒரு பழங்கதை உண்டு. கடல் கடந்து வணிகம் போனவர்கள் புயலில் சிக்கினார்களாம். நாள் கிழமை தெரியாமல் போய்விடக் கூடாது என்று நாளுக்கு ஒரு நூலாக இடுப்பு வேட்டியிலிருந்து உருவி வைத்து எண்ணினார்களாம். கரை சேர்ந்த அன்று எண்ணிப் பார்த்தால் 21. நடந்ததா இல்லையா என்று நான் கேட்பதில்லை. சாகக் கிடக்கிற நேரத்திலும் தேதி விட்டுப் போகக் கூடாது என்று நினைத்த ஆட்களை எனக்குப் பிடிக்கும்.

ஓய்வு பெற்ற பிறகு கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடு ஒன்றை ஓட்டலாக மாற்றியவர்கள் கணக்குப் பார்க்கக் கூப்பிட்டார்கள். ஐந்து டிசம்பர் அங்கே இருந்தேன். அங்கே போன பிறகுதான் ஒரே ராத்திரியில் வருஷம் எத்தனை தடவை முடிகிறது என்று தெரிந்தது. ஒரு வருஷம் ஜப்பான்காரர் ஒருவர் தனியாக வந்திருந்தார். நம்முடைய ராத்திரி எட்டரைக்கு அவர் ஊரில் நள்ளிரவு. போனை மேசையில் நிறுத்தி வைத்துவிட்டுக் கைகட்டி உட்கார்ந்து மணியோசை கேட்டார். அங்கே கோயில்களில் 108 தடவை அடிப்பார்களாம், மனத்துக்கு 108 அழுக்கு என்று கணக்கு. சாப்பாட்டுக்கு நீளமான நூல் மாதிரி ஏதோ வேண்டும் என்று முதல் நாளே கேட்டிருந்தார். அது பல்லில் பட்டதும் அறுந்துவிடும், அதோடு அந்த வருஷத்துக் கஷ்டமும் அறுந்துவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. சமையல்காரர் ரொம்ப யோசித்து இடியாப்பம் பிழிந்து வைத்தார். மனிதர் மறுப்புச் சொல்லவில்லை. தேங்காய்ப்பால் ஊற்றி ஆறு சாப்பிட்டார். கஷ்டம் அறுந்ததா தெரியாது.

இன்னொரு வருஷம் ஸ்பெயின் தம்பதி ஒன்று. நள்ளிரவு மணி பன்னிரண்டு அடிக்கும்போது அடிக்கு ஒன்றாகப் பன்னிரண்டு திராட்சை விழுங்க வேண்டுமாம், மாதத்துக்கு ஒரு பழம். மாட்ரிட் நகரத்து மணிக்கூண்டைப் போனில் பார்த்துக்கொண்டே நம் நேரம் காலை நாலரைக்குச் சாப்பிட்டார்கள். திராட்சை வாங்கப் போனது நான்தான். காரைக்குடியில் அன்று கிடைத்தது பன்னீர் திராட்சை. ஒவ்வொன்றிலும் கொட்டை. மணி ஆறு அடிக்கும்போது அந்த அம்மாவுக்குப் புரை ஏறி, ஜூன் மாதத்துக்குமேல் போக முடியவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தார்களே தவிர கோபிக்கவில்லை.

அதே ராத்திரி ஒரு ஸ்காட்லாந்து பாட்டியும் இருந்தார். அவர் ஊரில் நள்ளிரவு தாண்டி வீட்டுக்குள் முதலில் காலெடுத்து வைப்பவர் தலைமுடி கறுத்த ஆணாக இருக்க வேண்டும். கையில் கரியும் உப்பும் கொண்டுவர வேண்டும். காலை ஐந்தரைக்கு அவருக்கு நள்ளிரவு. என் தலை அப்போதே பஞ்சு. எனவே தோட்டக்காரப் பையனைப் பிடித்தோம். இஸ்திரி வண்டிக்காரரிடம் கேட்டு வாங்கி வைத்திருந்த கரித்துண்டையும் ஒரு கை கல்லுப்பையும் கொடுத்து, முகப்புப் படியேறி வரச் சொன்னோம். கறுத்தவன் முதலில் வந்தால் நல்லது என்று சொல்கிற ஊரும் இருக்கிறதா என்று அவன் இரண்டு நாள் என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தான். முடிதானடா என்று நான் சொல்லவில்லை. உப்பு மட்டும் எனக்கு ஆச்சரியமாக இல்லை. புது வீட்டுக்குள் நாமும் முதலில் உப்பைத்தானே கொண்டு போகிறோம்? வெளிநாட்டில் நகரத்தார் கூடி நோன்பு எடுக்கும் இடங்களில் உப்பை ஏலம் விடுவதுகூட உண்டு.

கல்லூரியில் படிக்கிற என் பேத்தியிடம் இதையெல்லாம் சொன்னபோது அவள் தன் பங்குக்கு இன்னும் பலவற்றைப் படித்துக் காட்டினாள். ஈக்வடாரில் பழைய வருஷம் என்று ஒரு பொம்மை செய்து நடுராத்திரியில் கொளுத்துகிறார்களாம். ஈரானில் புத்தாண்டுக்கு முந்தைய செவ்வாய் ராத்திரி தீயைத் தாண்டி, என் மஞ்சளை நீ எடுத்துக்கொள், உன் சிவப்பை எனக்குக் கொடு என்று தீயிடம் கேட்கிறார்களாம். ஜப்பானில் டிசம்பர் மாதம் போடுகிற விருந்துக்கே வருஷத்தை மறக்கும் விருந்து என்றுதான் பெயர். குஜராத்தில் தீபாவளிக்கும் வங்காளத்தில் அவர்கள் புத்தாண்டுக்கும் வியாபாரிகள் புதுப் பேரேடு வைத்துப் பூஜை போடுவது எனக்கே தெரியும். கேட்டுக்கொண்டே வந்தபோது ஒன்று தோன்றியது. வருஷக் கடைசியில் உலகத்தில் ஒரு பாதி பழையதைக் கொளுத்துகிறது, மறு பாதி எண்ணி எழுதிக்கொள்கிறது. செட்டிநாட்டில் நாங்கள் இரண்டையும் செய்கிறோம். மார்கழியில் இழை எண்ணுகிறோம், மார்கழி கடைசியில் போகி கொளுத்துகிறோம்.

சொல்ல வந்த விஷயம் இங்கேதான் இருக்கிறது.

என் அப்பா 1934-இல், பவ வருஷம், 14 வயதில் சென்னையில் கப்பலேறி ரங்கூன் போனார். செட்டியார் கிட்டங்கியில், அதாவது தொழிலும் தங்கலும் ஒன்றாக நடக்கிற கட்டடத்தில், சமையலுக்கு உதவிப் பையன். மொகல் தெருவில் நாலு நாள் இருந்துவிட்டு உள்நாட்டு ஊர் ஒன்றுக்குப் போனார். மாலையில் கணக்கு எழுதுகிற அடுத்தாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்தே எழுதப் பழகினார். அங்கே சித்திரை பிறக்கிற நேரத்தில்தான் பர்மாக்காரர்களுக்கும் வருஷம் பிறக்கும். திஞ்ஞான் என்பார்கள். நம் சங்கராந்தி என்ற சொல்தான் அங்கே போய் அப்படி ஆகியிருக்கிறது. போகிற வருகிற எல்லார்மேலும் தண்ணீர் ஊற்றுவார்கள், போலீஸ்காரரையும் விட மாட்டார்கள். நம் வேங்கை ஜாதி மரம் ஒன்று அந்த நேரம் மஞ்சளாகப் பூக்கும், பெண்கள் தலையில் வைத்துக்கொள்வார்கள். பசை அரிசி உருண்டைக்குள் வெல்லம் வைத்து வேகவைத்துத் தெருவில் நிறுத்தித் தருவார்கள். வேண்டுமென்றே ஒன்றிரண்டில் வெல்லத்துக்குப் பதில் மிளகாய் இருக்கும். அப்பாவுக்கு முதல் வருஷமே மிளகாய் வாய்த்தது. 1942-இல் ஜப்பான் படை வந்தபோது தமு வழியாக மணிப்பூருக்கு நடந்தே வந்து சேர்ந்தார். அந்த நடையைப் பற்றி அவர் பேசியதில்லை. மிளகாய் உருண்டையைப் பற்றி எத்தனை தடவை கேட்டாலும் சொல்வார்.

திரும்பி வந்தபின் முதலாளி வீட்டுக் கணக்கை அவரே பார்த்தார். அப்பா 1979-இல் காலமானார். வீட்டில் மிஞ்சியது அந்த ஆச்சி ஒருவர்தான். மற்ற புள்ளிகள், அதாவது அந்த வீட்டின் மற்றக் குடும்பங்கள், சென்னையிலும் மலேசியாவிலும் இருந்தார்கள். 1987 ஜனவரி, போகிக்கு இரண்டு நாள் முன்னால் ஆச்சி என்னைக் கூப்பிட்டார். பெட்டகசாலையில் ஒரு தேக்குப் பெட்டி கரையான் பிடித்துவிட்டது, பார்த்து அப்புறப்படுத்து என்றார். திறந்தால் பேரேடு, சிட்டை, வட்டிக் கணக்கு, கட்டுக் கட்டாகக் கடிதம். எல்லாம் பர்மாக் கணக்கு. வருஷத்துக்கு, மாதத்துக்கு, ரூபாய்க்கு, பற்றுக்கு, வரவுக்கு, மேற்படிக்கு என்று தனித்தனிக் குறி போட்டு, தமிழ் எண்ணில் எழுதியது. பாதிக்குமேல் நன்றாகத்தான் இருந்தது. கரையான் அடியில் மட்டும்தான். எனக்கு ஆலையில் விடுப்பு கிடையாது, இருட்டுவதற்குள் முடிக்க வேண்டும். இரண்டு சாக்கில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்து, போகியன்று விடியற்காலை பழைய பாய், உடைந்த முறம், விளக்குமாற்றோடு சேர்த்து எங்கள் தெருவில் வைத்துக் கொளுத்தினேன். நல்ல காகிதம், நன்றாக எரிந்தது. பிள்ளைகள் பறை கொட்டினார்கள். அது அட்சய வருஷம், அறுபதில் கடைசி. அட்சய என்றால் குறையாதது என்று பொருள்.

ஆச்சி 1996-இல் போய்விட்டார். அதற்கு வெகுகாலம் கழித்து, சில வருஷங்களுக்கு முன்னால், ஆச்சியின் கொள்ளுப்பேரன் ஒருவன் நோன்புக்காக வந்திருந்தான். என்னைத் தேடி வந்து, "கணக்குப்பிள்ளை ஐயா, எங்கள் ஐயா பர்மாவில் எந்த ஊரில் இருந்தார், அந்த ஊருக்குப் போய்ப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்" என்று கேட்டான். எனக்குத் தெரிந்ததெல்லாம் அப்பா சொன்ன "பெகுவுக்கு அந்தப் பக்கம்" மட்டும். ஊர்ப் பெயர் அந்தப் பெட்டியில் ஒவ்வொரு கடித உறையிலும் இருந்திருக்கும். நான்தான் கொளுத்தினேன் என்று அவனிடம் சொன்னேன். பரவாயில்லை ஐயா என்றான். பரவாயில்லை என்று அவன் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எரிந்தது அந்தக் குடும்பத்துக் கதை மட்டும் என்றால்கூட ஆறுதல் உண்டு. 1930-இல் நெல் விலை விழுந்தது. கடன் வாங்கிய பர்மிய விவசாயியால் வட்டி கட்ட முடியவில்லை. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் அப்போது நூற்றுக்கு 6 பங்கு நிலம்தான் செட்டியார்கள் கையில் இருந்தது. 1938-இல் நூற்றுக்கு 25. வாங்கியவர்களும் விரும்பி வாங்கவில்லை, அவர்களுக்கு வேண்டியது பணம். ஆனாலும் இழந்தவன் இழந்தவன்தான். எந்த ஊரில் எவனுடைய எத்தனை ஏக்கர் எந்தத் தேதியில் போனது என்று அந்தப் பேரேட்டில் வரி வரியாக இருந்திருக்கும். அந்த விவசாயியின் பேரனும் ஒருநாள் தேடிக்கொண்டு வரலாம் அல்லவா? அவன் கணக்கையும் சேர்த்துத்தான் நான் கொளுத்தியிருக்கிறேன்.

இதில் இன்னொரு வேதனை. நான் கொளுத்திய அதே நாட்களில், எங்கள் ஊருக்குப் பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் உயிரோடு இருந்தார். பழைய புத்தகம், பத்திரிகை, கல்யாணப் பத்திரிகை, துண்டு நோட்டீஸ் என்று யாரும் மதிக்காத காகிதத்தையெல்லாம் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த மனிதர். 1992-இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. 1994-இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தொடங்கியது அப்படித்தான். சைக்கிள் மிதித்தால் போய்விடுகிற தூரம். சாக்கை அந்தப் பக்கம் கொண்டு போயிருக்கலாம். ஆனால் ஊரில் அவரைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்ட விதம் வேறு. அதை இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இந்த மார்கழியிலும் வெளியூரில் இருப்பவர்கள் நோன்புக்கும் பொங்கலுக்கும் வந்து வீட்டைத் திறப்பார்கள். தூசி தட்டுவார்கள். தூக்குவாளி, எனாமல் பாத்திரம், கண்ணாடிப் படம் எல்லாவற்றுக்கும் விலை உண்டு என்று இப்போது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அவற்றை யாரும் எறிவதில்லை. காகிதம்தான் எடைக்குப் போகிறது, அல்லது போகியில் போகிறது. தயவுசெய்து பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள். எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. போனில் படம் பிடித்தாவது வையுங்கள். ஒவ்வொரு ஏட்டுக்கும் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் கட்டாயம் வேண்டும். வருஷப் பெயரும் ஊர்ப் பெயரும் அங்கேதான் இருக்கும். தாது வருஷம் என்று மட்டும் இருந்தால் அது 1876-ஆ 1936-ஆ என்று குழம்ப வேண்டாம். காகிதத்தையும் அதில் வருகிற ரூபாயையும் பார்த்தாலே சொல்லிவிடலாம்.

ஒரே ஒரு சிட்டை தப்பியது. பின்னால் நாற்பது ஐம்பது வெற்றுப் பக்கம் இருந்ததால், என் பிள்ளைகள் கணக்குப் போட்டுப் பழக உதவும் என்று எடுத்து வைத்திருந்தேன். முன்பக்கம் ஈசுவர வருஷம் மார்கழி மாதம் செலவு. வேட்டி ஒன்று, வெல்லம், நெய், பொரி வகை என்று வரிசையாக எழுதி, ஓரத்தில் ஆட்கள் ஒன்பது என்று போட்டிருக்கிறது. கிட்டங்கியில் அந்த வருஷம் இழை எடுத்துக்கொண்டவர்கள் ஒன்பது பேர் என்று வைத்துக்கொள்கிறேன். அதற்குக் கீழே, வேறு கையெழுத்தில், சமையல் பையனுக்குப் பணியாரம் என்று ஒரு வரி. அதன் பின்பக்கத்தில் என் மூத்த மகனின் ஏழாம் வாய்ப்பாடு, ஒரு தப்போடு. ஆச்சியின் கொள்ளுப்பேரன் இந்த நோன்புக்கு வரும்போது அவனிடம் கொடுத்துவிடுவதாக இருக்கிறேன்.

தமிழ் எண்ணோ பழைய குறிகளோ படிக்கத் தெரியவில்லை என்றால் ஏட்டை என்னிடம் கொண்டுவரலாம். காசு எதுவும் வேண்டாம். பள்ளத்தூரில் எந்த டீக்கடையில் கேட்டாலும் வீட்டைக் காட்டுவார்கள். காலை பத்து மணிக்குமேல் வாருங்கள். அதற்கு முன்னால் வெளிச்சம் போதாமல் எனக்கு எழுத்துத் தெரிவதில்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணக்குப்பிள்ளை,
பள்ளத்தூர்,
சிவகங்கை மாவட்டம்.